வீட்டு பிரெட்டை ஒரே அளவாக வெட்ட ஸ்லைசர் வேண்டுமா?

கேள்வி: வாரம் ஒரு முறை வீட்டிலேயே பிரெட் சுடுகிறேன். ருசியில் குறையில்லை. ஆனால் துண்டு போடும்போது மேலே மெலிந்தும் அடியில் தடித்தும் வருகிறது. சில நாள் நடுப்பகுதி அமுங்கிப் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. கடை பிரெட்டைப் போல வெட்டுவதற்கு மின்சார ஸ்லைசர் வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வாங்க வேண்டாம். அமுங்குவதும் கோணுவதும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. இரண்டையும் கையாலேயே சரிசெய்துவிடலாம்.

அமுங்குவதற்குக் காரணம் அவசரம். ஓவனிலிருந்து எடுக்கும்போது பிரெட்டின் உட்புறம் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். நீரை உறிஞ்சி உப்பிய மாவுச்சத்து அந்தச் சூட்டில் இன்னும் இறுகாமல் கூழ்ப்பதமாகவே இருப்பதால், கத்தி பட்டதும் ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது. ஆவி பறக்கும் இட்லியை உடனே எடுத்தால் தட்டில் ஒட்டிப் பிய்ந்துபோவதையும், சற்று ஆறவிட்டால் முழுதாகக் கழன்று வருவதையும் தாங்கள் அறிவீர்கள். இட்லிக்குச் சில நிமிடங்கள் போதும். அரை கிலோ மாவில் சுட்ட பிரெட்டுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். அதுவரை அச்சிலேயே விட்டால் அடிப்பகுதி வியர்த்துவிடும் என்பதால், வெளியே எடுத்துக் கம்பித் தட்டின் மேல் வையுங்கள். வாசனை பொறுக்க விடாது என்பது உண்மைதான். ஆனாலும் மறுநாள் காலையில் வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இனி, கோணல். ரம்பப் பல் உள்ள நீளமான கத்தியே இதற்கு ஏற்றது. பல் இருக்கும் இடம் மட்டும் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். (அரிவாள்மணையில் முயன்று பார்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், பிரெட்டைக் கையால் அழுத்தித் தள்ள நேரும், அந்த அழுத்தமே அதை நசுக்கிவிடும்.) இத்தகைய கத்திகளில் பல, ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டவை என்பதால், நாம் நேராகப் பிடித்தாலும் உள்ளே இறங்க இறங்கத் தாமாகவே ஒரு பக்கம் விலகும். துண்டு அடியில் தடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று, நாம் மேல் விளிம்பை மட்டுமே பார்த்துக்கொண்டு வெட்டுவது. முதலில் மேற்பரப்பிலும் நம்மை நோக்கிய பக்கத்திலும் மெல்லிய கோடாகக் கீறிக்கொண்டு, பிறகு மரம் அறுப்பதைப் போல, அழுத்தாமல், கத்தியை முழு நீளத்துக்கும் முன்னும் பின்னும் இழுத்தால் அந்தக் கோட்டை விட்டு அது விலகாது. மேல் ஓடு மொறுமொறுப்பாக இருந்தால் பிரெட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, மென்மையான பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

கடை பிரெட்டின் ஒழுங்கு இயந்திரத்தினுடையது. ஆட்டோ ரோவெடர் என்பவர் உருவாக்கிய இயந்திரத்தில் வெட்டிய பிரெட், 1928 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள சில்லிகாதி நகரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. வெட்டி வைத்தால் சீக்கிரம் உலர்ந்துவிடுமே என்று பேக்கரிக்காரர்கள் தயங்கியதால், வெட்டியவுடனே தாளில் சுற்றும் வசதியும் அதில் இருந்தது. அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆகையால் அன்றைக்கு வேண்டியதை மட்டும், ஓரத்திலிருந்து அல்லாமல் நடுவிலிருந்து வெட்டி எடுங்கள்; மீதமுள்ள இரு பாதிகளின் வெட்டுமுகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் காற்றுப் படாது. முழுவதையும் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் துண்டுகளை ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு வேண்டாம். அங்கே பிரெட் வெளியில் இருப்பதைவிட விரைவாக விறைத்துப்போகும்.