பூசணி எறியும் போட்டியில் பார்வையாளர்களைப் பொறிக்குப் பின்னால் நிறுத்தினால் போதுமா?

போதாது. எடைக்கல் விழும் விசையால் இயங்கும் கவண்பொறியில், பூசணியைத் தாங்கும் கவணின் வளையம் பொறியின் எறிகை நுனியிலுள்ள கொக்கியிலிருந்து உரிய கணத்திற்குச் சற்று முன்பே கழன்றுவிட்டால், நான்கு கிலோ பூசணி நேர் மேலேயோ பின்புறமாகவோ பறக்கும் என்பதால், முன்னும் பின்னும் ஆளில்லாமல் வைத்து, பார்வையாளர்களைப் பக்கவாட்டில் வெகுதொலைவில் நிறுத்த வேண்டும். பறப்பது பூசணி மட்டுமன்று: அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1986 முதல் நடந்துவந்த போட்டியில், 2016-இல் காற்றழுத்தப் பீரங்கி ஒன்றின் உலோகப் பாகம் பிய்ந்து தாக்கியதில் ஒரு பெண் படுகாயமடைந்தார். என் கணிப்பில், பெரிய ஆபத்து எறியும் கணத்தைவிட, இழுத்துப் பூட்டிய எறிகையின் அருகே பூசணியை வைக்கும் நேரத்தில்தான் இருக்கிறது; ஆகவே எறிகை தானே விடுபடாமல் தடுக்கும் பூட்டுமுளையைச் செருகிய பின்பே ஒருவர் நெருங்கலாம், அனைவரும் விலகிய பிறகே முளையை அகற்றி, நீண்ட கயிற்றால் தொலைவிலிருந்து விசையை விடுவிக்க வேண்டும்.