மரீ – பர்ட்ஸ்வில்: தூரமும் பறக்கும் நேரமும்

தென் ஆஸ்திரேலியாவின் மரீ, குயின்ஸ்லாந்தின் பர்ட்ஸ்வில் ஆகிய பாலைநில ஊர்களுக்கு இடையிலான பயணம் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: வரைபடத்தில் அளந்தால் 435 கி.மீ. வருகிறது, வழிகாட்டி நூலில் 517 கி.மீ. என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டுமே சரி. நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 435 கி.மீ., அதாவது 235 கடல் மைல். 517 கி.மீ. என்பது பர்ட்ஸ்வில் டிராக் எனப்படும் மண்சாலையின் நீளம். குயின்ஸ்லாந்து மாட்டு மந்தைகளை மரீ ரயில் நிலையத்துக்கு ஓட்டிவர 19ஆம் நூற்றாண்டில் உருவான தடம் அது. வழியில் மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்ததால், நேராகச் செல்வதைவிட நீர் கிடைக்கும் இடங்களைத் தொட்டுச் செல்வதே முக்கியமாக இருந்தது.

கேள்வி: ஆறு இருக்கை செஸ்னா 206 விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: வேகம் 130 நாட் (மணிக்கு 130 கடல் மைல்) என்று கொண்டால், காற்றில்லாத நாளில் சுமார் 1 மணி 50 நிமிடம். 20 நாட் எதிர்க்காற்று வீசினால் 2 மணி 10 நிமிடம் வரை நீளும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 1 மணி 35 நிமிடத்தில் முடிந்துவிடும். தரையில் ஊர்ந்து செல்வதற்கும் மேலேறுவதற்கும் 10 முதல் 15 நிமிடம் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிபொருளை எதிர்க்காற்றுக் கணக்கின்படியே நிரப்ப வேண்டும்; பகலில் வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் பறத்தலுக்கு, இறங்கும்போது 30 நிமிடத்துக்கான எரிபொருள் மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி என்றாலும், இடையில் இறங்க ஊரே இல்லாத இந்தத் தடத்தில் அது போதும் என்று நான் சொல்லமாட்டேன். கோடையில் காலையிலேயே கிளம்புவது நல்லது, ஏனெனில் பிற்பகல் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைந்து விமானம் மேலெழ அதிக ஓடுதூரம் தேவைப்படுவதோடு, குலுக்கலும் கூடும்.

கேள்வி: பயணச்சீட்டு வாங்கிச் செல்ல நேரடி விமானம் உண்டா?

பதில்: இல்லை. பிரிஸ்பேனுக்கும் மவுண்ட் ஐசாவுக்கும் இடையே பல சிற்றூர்களில் நின்று செல்லும் சேவை பர்ட்ஸ்வில்லைத் தொடுகிறது, ஆனால் தெற்கே மரீக்கு வருவதில்லை. வாடகை விமானம்தான் வழி.

கேள்வி: ஜூலையில் மரீயில் காலை 10:00 மணிக்குக் கிளம்பிய நண்பர், பர்ட்ஸ்வில்லில் 12:20க்கு இறங்கியதாக எழுதியிருக்கிறார். அரை மணி நேரம் எங்கே போனது?

பதில்: மாநில எல்லையில் போனது. குயின்ஸ்லாந்துக் கடிகாரம் தென் ஆஸ்திரேலியாவைவிட 30 நிமிடம் முந்தியது. ஆனால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தென் ஆஸ்திரேலியா மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால், கணக்கு அப்படியே தலைகீழாகிறது. அதே பயணத்தை ஜனவரியில் செய்திருந்தால் 11:20 என்று எழுதியிருப்பார்.

கேள்வி: காரில் போனால்?

பதில்: சாலை காய்ந்திருந்தால் ஒரு முழுப் பகல். வழியில் எரிபொருள் கிடைப்பது, மரீயிலிருந்து சுமார் 205 கி.மீ. தொலைவிலுள்ள மங்கரானி விடுதியில் மட்டுமே. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். கூப்பர் ஓடையில் வெள்ளம் வந்தால் மாற்றுத்தடத்தில் சென்று படகில் வண்டியை ஏற்றிக் கடக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தென் ஆஸ்திரேலியாவின் பெரிய உப்பு ஏரியான ஏர் (Eyre) ஏரியையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியும். ஏரி நேர்கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. அதன் மேலாகச் சுற்றிச் சென்றால் 65 கி.மீ. அளவுக்குக் கூடும், அதாவது கால் மணி நேரம். நீர் இல்லாத ஆண்டுகளில் வெண்மையான உப்புப் படுகைதான் தெரியும்.