ரோஸ்ஹிப் எண்ணெயில் வைட்டமின் சி இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 36. முகம் கழுவியதும் தோல் இறுகி இழுக்கிறது. கன்னத்தில் பழைய பருக்கள் விட்டுப்போன கரும்புள்ளிகளும் சில குழிகளும் உண்டு. தோழி ஒருத்தி ரோஸ்ஹிப் விதை எண்ணெய் வாங்கித் தந்தாள். அதில் வைட்டமின் சி இருப்பதால் தழும்பு மறையும், சன்ஸ்கிரீன்கூட வேண்டாம் என்கிறாள். தடவலாமா டாக்டர்?

பதில்: தாராளமாகத் தடவலாம். சன்ஸ்கிரீனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காட்டு ரோஜாவில் பூ உதிர்ந்த பிறகு உருண்டு சிவக்கும் பழம்தான் ரோஸ்ஹிப். அதன் சதையில் வைட்டமின் சி ஏராளம். ஆனால் இந்த எண்ணெயைப் பிழிவது உள்ளே இருக்கும் விதையிலிருந்து. போதாததற்கு, வைட்டமின் சி தண்ணீரில் கரையுமே தவிர எண்ணெயில் கரையாது. பழத்தின் பெருமையைச் சொல்லி எண்ணெயை விற்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அப்புறம் எதற்காகத் தடவுவது? லினோலெயிக் அமிலத்துக்காக. இந்த எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி அதுதான். தோலின் ஈரம் வெளியேறாமல் காக்கும் செராமைடு கொழுப்புகளில் முக்கியமான சில, இந்த அமிலம் இல்லாமல் உருவாகாது. உடம்பு இதைத் தானே தயாரித்துக்கொள்வதும் இல்லை. சாதாரண சூரியகாந்தி எண்ணெயிலும் இதே அமிலம் நிறைய உண்டு. என்ன, அதை யாரும் சின்னக் குப்பியில் அடைத்து அழகுப் பொருளாக விற்பதில்லை!

எண்ணெயில் துளி ஈரமும் கிடையாது. காய்ந்த முகத்தில் தேய்த்தால் மினுமினுக்கும், உள்ளே வறட்சி அப்படியே இருக்கும். இரவில் முகம் கழுவி, துண்டால் லேசாக ஒற்றி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள். அதன் மேல் இரண்டு மூன்று சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி முகத்தில் ஒற்றி எடுங்கள். முதலில் ஒரு வாரம் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் முகத்துக்கு வேண்டாம்.

கரும்புள்ளிகள் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். அதற்குள் வெயில் பட்டால் இன்னும் கருக்கும். அதனால்தான் சன்ஸ்கிரீனை விடாதீர்கள் என்றேன். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். வெயிலைத் தடுக்க இந்த எண்ணெயை நம்ப முடியாது. குழிகள் வேறு கதை. அவை தோலின் அடியடுக்கில் ஏற்பட்ட சேதம். எந்த எண்ணெயும் நிரப்பாது. மனதை உறுத்தினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், நுண்ணூசி, லேசர் போன்ற சிகிச்சைகள் இருக்கின்றன. புதிதாகப் பருக்கள் கிளம்பினாலும் எண்ணெயை நிறுத்திவிட்டு அவரைப் பாருங்கள்.

இன்னொன்று, இந்த எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகும். வெளிச்சமும் காற்றும் ஆகாது. அடர்நிறக் குப்பியில், மூடியை இறுக்கி, ஃபிரிட்ஜில் வையுங்கள். சிக்கு வாடை அடித்தால் பாதி மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.