கேளுங்கள், சொல்கிறேன்: ஒரே காரில் இரண்டு போலீஸ்

கே: சண்டைப் படம் என்றாலே எழுந்து போய்விடுவேன். என் வீட்டுக்காரரும் மகனும் 'ரஷ் ஹவர்' படத்தை எத்தனை முறை போட்டாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
- ஒரு வாசகி, மதுரை

ப: சண்டை வரும்போது நீங்கள் தாராளமாக எழுந்து போங்கள். சண்டை இல்லாத இடங்களுக்கு மட்டும் திரும்பி வந்து உட்காருங்கள். அந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கதை சின்னது. ஹாங்காங் இன்ஸ்பெக்டர் லீயாக ஜாக்கி சான். அவர் உயிராக நினைக்கும் சீனத் துணைத் தூதரின் மகளை லாஸ் ஏஞ்சல்ஸில் கடத்திவிடுகிறார்கள். தூதர் லீயை வரவழைக்கிறார். வெளியூர்க்காரன் மூக்கை நுழைப்பது எஃப்.பி.ஐ.க்குப் பிடிக்கவில்லை. அவரை எங்காவது சுற்றிக் காட்டி வழக்குப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள, உள்ளூர் போலீஸில் மேலதிகாரிக்குத் தலைவலியாக இருக்கும் கார்ட்டரைத் தள்ளிவிடுகிறார்கள். அது கிறிஸ் டக்கர். ஆக, லீயும் வேண்டாதவர், கார்ட்டரும் வேண்டாதவர். இது இருவருக்கும் மெல்ல மெல்லப் புரிவதுதான் படம்.

விமான நிலையத்தில் லீ வாயே திறப்பதில்லை. ஆங்கிலம் தெரியாது போலிருக்கிறது என்று கார்ட்டர் முகத்துக்கு நேராகக் கத்திக் கத்திப் பேசுகிறார். லீ சிரித்துக்கொண்டே நிற்கிறார். அப்புறம் அவர் சரளமாகப் பேச, கார்ட்டருக்குக் கோபம் வருகிறது. தெரியாது என்று நான் சொல்லவே இல்லையே, நீயாக நினைத்துக்கொண்டாய் என்கிறார் லீ. பேசிக்கொண்டே இருப்பவன் எதையும் கேட்பதில்லை என்பதை ஒரே காட்சியில் வைத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, சைனாடவுனில் ஓர் உணவகத்துக்கு எதிரே இருவரும் வேவு பார்த்துக் காத்திருக்கும் காட்சி. செய்வதற்கு ஒன்றுமில்லை. துப்பாக்கியைப் பிடுங்கும் வித்தையை லீ சொல்லித் தருகிறார். நடனம் ஆடச் சொல்லித் தருகிறார் கார்ட்டர். அப்புறம் பேச்சு அப்பாக்களிடம் போகிறது. இருவரின் அப்பாக்களும் போலீஸ். எங்கப்பா தனியாக இத்தனை பேரைப் பிடித்தார் என்று ஒருவர் தொடங்க, எங்கப்பா அதைவிட அதிகம் என்று மற்றவர். கடைசியில் துப்பாக்கிக் குண்டை வெறும் கையால் பிடித்தவர் வரை போய்விடுகிறது.

2000 வாக்கில் அண்ணன் வாடகைக்கு எடுத்துவந்த விசிடியில் முதல்முறை பார்த்தேன். இரண்டு தட்டு. ஒன்று முடிந்ததும் எழுந்து மற்றதைப் போட வேண்டும். எங்கள் அப்பாவுக்கு ஆங்கிலப் பேச்சு பிடிபடாது. இந்தக் காட்சியில் நான் விளக்க வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "உங்கப்பன் பெரிய ஆளா, எங்கப்பன் பெரிய ஆளான்னு பேசிக்கிறானுங்க, அதானே?" என்றார். 'டாடி' என்ற ஒரு சொல்லும் இரண்டு முகங்களும் அவருக்குப் போதுமாக இருந்தன. படம் முடிந்தபிறகு, நாங்கள் அதுவரை கேட்டேயிராத தாத்தாவின் கதை ஒன்றைச் சொன்னார். உங்கள் வீட்டில் அந்தக் காட்சி ஓடும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் அம்மா.

கே: ஜாக்கி சான் சண்டை போட்டால் மட்டும் பயம் வராமல் சிரிப்பு வருகிறதே, எப்படி?
- ஒரு வாசகர், ஈரோடு

ப: அவர் அடிப்பதைவிட அதிகமாகத் தவிக்கிறார். அதனால்தான். படத்தின் முடிவில் சீனக் கலைப்பொருள் கண்காட்சி நடக்கும் இடத்தில் மோதல். ஆள் உயர ஜாடிகள். அடியாட்கள் ஒருபக்கம் பாய்கிறார்கள். மறுபக்கம் விலைமதிப்பில்லாத ஜாடிகள் சாய்கின்றன. லீ ஒரு கையால் ஜாடியைத் தாங்கி, ஒரு காலால் ஆளைத் தள்ளி, அடுத்த ஜாடிக்கு ஓடுகிறார். ஜெயிப்பாரா என்று நாம் கவலைப்படுவதில்லை. உடைந்துவிடுமோ என்றுதான் பதறுகிறோம். பதற்றம் ஜாடியின்மேல் போய்விட்டதால் சிரிக்க இடம் கிடைக்கிறது.

சிறுவயதில் ஹாங்காங்கில், சீனாவின் மரபான இசைநாடகமான பீக்கிங் ஓபராவைக் கற்பிக்கும் பள்ளியில் பத்து ஆண்டுகள் கரணமும் பாட்டும் நடிப்பும் சேர்த்துக் கற்றவர் அவர். ஊமைப்பட மேதை பஸ்டர் கீட்டனைக் கொண்டாடுபவர். நாற்காலி, ஏணி, கதவு என்று எது கிடைத்தாலும் அவருக்கு அது துணை நடிகர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1973இல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீயிடம் அடிவாங்கும் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர் ஜாக்கி. அந்தப் படத்துக்கு இசையமைத்த லாலோ ஷிஃப்ரின்தான் 25 ஆண்டுகள் கழித்து 'ரஷ் ஹவர்' படத்துக்கும் இசையமைத்தார். இதை நினைத்துக்கொண்டு டைட்டில் இசையைக் கேட்டால் எனக்குப் புல்லரிக்கும்.

கே: ஒத்துப்போகாத இரண்டு போலீஸ் என்ற சங்கதியை முதலில் தொடங்கியது யார்?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: வேரைத் தேடினால் ஜப்பானுக்குப் போகலாம். 1949இல் அகிரா குரோசாவா எடுத்த 'ஸ்ட்ரே டாக்'. துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் போலீஸ்காரர், அவரை நிதானப்படுத்தும் மூத்தவர். அதில் சிரிப்பு குறைவு, வெயிலும் வியர்வையும்தான் அதிகம். நகைச்சுவையோடு சேர்ந்த அமெரிக்க வடிவத்துக்கு 1982இல் வந்த '48 ஹவர்ஸ்' பாதை போட்டது. அதில் ஒருவர்தான் போலீஸ், எடி மர்ஃபி சிறையிலிருந்து வந்த கைதி. 1987இல் 'லீத்தல் வெப்பன்' வந்ததும் அது தனி வகையாகவே நிலைத்துவிட்டது.

கே: பத்து வயது மகளோடு 'ரஷ் ஹவர்' பார்க்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

ப: அமெரிக்காவில் அது 'பிஜி-13' சான்றிதழ் பெற்ற படம். அதாவது, பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம், பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை. கெட்ட வார்த்தைகள் உண்டு, அதனால் முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மதுக்கூடத்தில், கறுப்பினத்தவரான கார்ட்டர் தன் இனத்தாரிடம் உரிமையோடு சொல்லும் ஒரு வார்த்தையை லீ அப்படியே திருப்பிச் சொல்ல, அடிதடி ஆகிவிடும். கறுப்பின மக்களைப் பல தலைமுறைகளாக இழிவுபடுத்திய வார்த்தை அது. மகள் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். புரிந்துகொள்ளும் வயதுதான்.

எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டாம். படப்பிடிப்பில் சொதப்பியவற்றைத் தொகுத்துப் போடுவார்கள். ஒரு சின்னச் சீன வசனத்தைச் சொல்ல முடியாமல் கிறிஸ் டக்கர் திரும்பத் திரும்பத் தடுமாறுவார். நான் ஆங்கிலத்தில் நடிக்கிறேன், இவருக்கு மூன்று சீனச் சொல் வரவில்லையே என்று ஜாக்கி சிரிப்பார். உங்கள் மகள் அங்கேதான் அதிகம் சிரிப்பாள்.