காணி வாங்குமுன் பொறியியலாளரைத் தேடுங்கள்

தம்பி, கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்டூஃப்வில் பக்கம் மைத்துனருடன் சேர்ந்து இரண்டு ஏக்கர் காணி வாங்கி, அதைப் பிரித்து வீடுகள் கட்டப் போவதாகவும், வரைபடங்களை “எங்கட ஆள்” ஒருவர் மலிவாகக் கீறித் தருவதாகச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிவில் பொறியியலாளருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்த மாதத்தில் வேலை தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள். கட்டணம் காணிக்குக் காணி மாறும், இரண்டு மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். மாதத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். என்னைக் கவலைப்படுத்துவது அந்த “எங்கட ஆள்” தான்.

நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பொறியியலாளர் என்று சொல்லித் தொழில் செய்ய, அத்தொழிலை ஒழுங்குபடுத்தும் பி.ஈ.ஓ. (PEO) அமைப்பின் உரிமம் வேண்டும். பொதுமக்களுக்கு அந்தச் சேவையை விற்பதற்கு அதே அமைப்பு வழங்கும் அங்கீகாரச் சான்றிதழும் தனியாக வேண்டும். இரண்டையும் அவர்களின் இணையப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். தொழில்முறைக் காப்புறுதி இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். டூரம் பகுதியில் என் உறவினர் ஒருவர் ஊரில் படித்த பட்டத்தை மட்டும் நம்பி ஒருவருக்குப் பணம் கொடுத்தார். உரிமம் பெற்ற பொறியியலாளரின் முத்திரையில்லாத வரைபடத்தை நகரசபை ஏற்கவில்லை. அதற்குள் மண்ணை மேடாக்கியிருந்தார்கள். பனி உருகிய தண்ணீர் அயல்வீட்டு நிலவறைக்குள் போய், விவகாரம் வழக்கறிஞர்களிடம் சென்றது.

நான் 1989 இல் பேராதனைப் பட்டத்துடன் வந்து, ஸ்காபரோவில் நில அளவைக் குழுவொன்றுக்கு அளவுகோல் பிடித்து நின்றவன். உறைந்த நிலத்தில் முளை அடித்தபோதுதான், இங்கே அத்திவாரத்தை உறைபனி எட்டாத ஆழத்துக்கு, ஏறத்தாழ 1.2 மீற்றர், இறக்குவதன் காரணம் எனக்கு உடம்பால் விளங்கியது. கனடிய அனுபவம் ஓராண்டாவது வேண்டும் என்ற நிபந்தனையையும் நிறைவேற்றித்தான் உரிமம் பெற்றேன். அந்த நிபந்தனையை 2023 இல் நீக்கிவிட்டார்கள். அது நல்ல மாற்றம். வழி இவ்வளவு திறந்த பிறகும், உரிமம் எடுக்காமல் புதிதாக வருகிறவர்களிடம் ஊர்ப்பாசத்தைக் காட்டிக் காசு வாங்குகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நல்ல பொறியியலாளர் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார். 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி இந்த ரொறன்ரோப் பகுதியில் 81 உயிர்களைக் கொண்டுபோனது. ஹம்பர் ஆற்றோரம் ரேமோர் தெருவில் மட்டும் 35 பேர். அந்த மழையை அளவாக வைத்தே இன்றும் இங்கே வெள்ள எல்லை வரைகிறார்கள். உங்கள் காணியின் ஓரத்தில் சிறிய ஓடையோ சதுப்போ இருந்தாலும், ஆறுகளையும் வெள்ள நிலங்களையும் கவனிக்கும் பாதுகாப்பு அதிகாரசபையின் (Conservation Authority) அனுமதியில்லாமல் மண் நிரப்ப முடியாமல் போகலாம். கூரையும் தார்த்தரையும் வந்த பிறகு காணியிலிருந்து வெளியேறும் மழைநீரின் வேகம் முன்பிருந்ததைவிட அதிகரிக்காதபடி கணக்குக் காட்டவும் வேண்டும்.

இதைவிடப் பெரிய தடையும் உண்டு. நீங்கள் சொல்லும் பக்கத்தில் பெருமளவு நிலம் ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்ற மேட்டு நிலத்தைக் காக்கும் 2001 ஆம் ஆண்டின் சட்டத்துக்கோ, விவசாய, இயற்கை நிலங்களைக் காக்கும் 2005 ஆம் ஆண்டின் பசுமை வளையச் (Greenbelt) சட்டத்துக்கோ உட்பட்டது. அங்கே வீட்டுக்காகக் காணி பிரிக்க அனுமதி கிடைப்பது மிக அரிது. இரண்டு ஏக்கர் என்றால் யாழ்ப்பாணத்துக் கணக்கில் முப்பத்திரண்டு பரப்பு. அங்கே பிள்ளைகளுக்குப் பிரித்து உறுதி எழுதியதுபோல இங்கே எழுத முடியாது. “இன்னும் சில வருடத்தில் திறந்துவிடுவார்கள்” என்று சொல்லி நம்மவர்களுக்கு இப்படிப்பட்ட காணிகளை விற்கிற முகவர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, உரிமம் பெற்ற பொறியியலாளரும் திட்டமிடல் ஆலோசகர் ஒருவரும் காணியைப் பார்த்து அறிக்கை தந்து, அது உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் மட்டுமே கொள்வனவு உறுதியாகும் என்ற நிபந்தனையை வழக்கறிஞரைக் கொண்டு ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். விற்பவர் அதற்கு உடன்படாவிட்டால் முற்பணம் கட்டாதீர்கள்.