மாரியில் வீட்டில் இருப்பது

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்புக்கு அருகே ஆரையம்பதியில் பிறந்து, இப்போது டொரொன்டோவில் வசிக்கிறேன். சென்ற முறை டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வந்தபோது, மூன்று வாரங்களுக்குள் கண்டி, நுவரெலியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று ஓடித் திரிந்தோம். புறப்படும் நாளில் அம்மா, “வந்தீங்க, போறீங்க, எனக்கு உங்கட உடுப்புத் தோய்ச்சதுதான் மிச்சம்” என்றார். இந்த முறை எங்கும் அலையாமல் வீட்டிலேயே இருந்து சின்னச் சின்னச் சந்தோஷங்களை அனுபவிக்க நினைக்கிறேன். மழைக்குள் அடைபட்டுக் கிடந்தால் பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும் என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாசகி, டொரொன்டோ

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை வாசித்தது உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் அச்சத்தைப் பார்ப்போம். டிசம்பர் 21ஆம் திகதியை ஒட்டி டொரொன்டோவில் பகற்பொழுது 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு; மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும் அந்த ஊரில், வீட்டுக்குள் ஒடுங்குவதைத் தவிரக் குளிர்காலம் வேறு வழி வைப்பதில்லை. மட்டக்களப்பில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட 11½ மணித்தியாலத்துக்குக் குறையாது. வாடையோடு வரும் மழை இரண்டு நாள் அடைத்துப் பெய்யும், பிறகு அரை நாள் வெளிக்கும். அந்த வெளிப்பில் வாவியின் மேற்கே வயல்கள் விரிந்த படுவான்கரைக்குப் போனால், புரட்டாதி, ஐப்பசியில் விதைத்த பெரும்போக வேளாண்மை இடுப்பளவு பச்சையாக நிற்பதையும், வரம்பை மேவி ஓடும் தண்ணீரில் சிறுவர்கள் மீன் பிடிக்க அத்தாங்கு வலை போட்டுக்கொண்டு நிற்பதையும் பிள்ளைகள் பார்க்கலாம். மழை நனைத்தாலும் குளிராது. பனியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வியப்பாக இருக்கும். வாவி நிறைந்து, தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்து மணலை வெட்டிவிடும் நாள் வாய்த்தால் அதையும் காட்டுங்கள். வாய்க்காவிட்டால் தேடி அலையாதீர்கள்.

எங்கள் ஊரில் மாரி மெதுவாக நகர்ந்ததற்குக் காரணம் உண்டு. விதைப்புக்கும் மாசி அறுவடைக்கும் இடையில், களை பிடுங்குவதையும் பசளை எறிவதையும் தவிர, நிலக்காரரான போடியாருக்கும் வயற்காரனுக்கும் பெரிய வேலை இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி 21 நாள் பிள்ளையார் கதை படிப்பும், திருவாதிரைக்கு முந்திய விடியற்காலைகளில் சங்கும் சேமக்கலமுமாக வீதிவழி வரும் திருவெம்பாவையும் வந்து அமர்ந்தன. ஆனால், கடல் கொந்தளித்துத் தோணி இறக்க முடியாமல் இருந்த மீனவருக்கு அதே மாரி கடன் வாங்கும் காலமாக இருந்தது. மழை நாள் இனிது என்று எழுதும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பில் அடித்த சூறாவளியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

இனி உங்கள் அம்மாவின் வரிக்கு வருகிறேன். ஊருக்கு வந்து ஓய்ந்திருக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஒன்று, அந்த ஓய்வை அடுப்படியில் நின்று ஒருவர் சுமக்கிறார் என்பதாகும். மழை நாளில் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்பது உங்கள் மனத்திலிருக்கும் சின்னச் சந்தோஷங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். அதை இம்முறை நீங்களும் பிள்ளைகளும் செய்யுங்கள்; அம்மா கதிரையில் இருந்து பிழை பிடிக்கட்டும். கிழங்கின் வெளித்தோலைக் கீறி, உள்ளிருக்கும் இளஞ்சிவப்புப் பட்டையோடு சேர்த்து உரித்து, துண்டாக்கி, நடுவில் ஓடும் நாரை எடுத்துவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு அவிக்க வேண்டும். பானையை மூடக் கூடாது. கிழங்கில் இயல்பாகவே உருவாகும் சயனைடு ஆவியோடு வெளியேறட்டும் என்பதற்காகத்தான் திறந்து அவிக்கிறார்கள். எங்கள் தாய்மார் இந்த வேதியியலைப் படிக்காமலே மூடியை ஒளித்து வைத்தார்கள். ஈரக் கொள்ளியும் தென்னம்பாளையுமாக எரியும் அடுப்பென்றால் புகைக்குக் கண் கலங்கும், கிழங்கு வெடித்து மாவாகும்வரை பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். அந்த நேரத்தில் மகனைத் தேங்காய் திருவ விடுங்கள், மகளைக் கொச்சிக்காயும் (மிளகாய்) வெங்காயமும் இடிக்க விடுங்கள். சம்பலில் உறைப்பு ஏறிவிட்டால் ஏறிவிட்டுப் போகட்டும். ஒன்று மட்டும் கவனம்: கிழங்கு தின்ற கையோடு இஞ்சித் தேத்தண்ணீர் கேட்டீர்களானால் அம்மா கட்டாயம் ஏசுவார். மரவள்ளிக்கு இஞ்சி ஆகாது என்பது இங்கே எந்த வீட்டிலும் மீறப்படாத சட்டம். வெறுந்தேத்தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடியுங்கள்.

உங்கள் மூன்று வாரத்துக்குள் டிசம்பர் 26உம் வருகிறது. 2004இல் ஆழிப்பேரலை அடித்து, மட்டக்களப்புக் கரையோரத்து நாவலடியும் டச்சுபாரும் கல்லடியும் கடலுக்குள் போன நாள் அது. காலை 9.25 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். கரையோரத்து நினைவிடங்களில் அன்று விளக்கெரியும். விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏன் இந்தத் துயரம் என்று மறைத்துவிடாதீர்கள். ஆரையம்பதியில் ஒரு தெருவைக் கடந்து நடந்தாலே அன்று யாரையாவது இழந்த வீடு ஒன்று இருக்கும். அங்கே போய்ப் பேசாமல் அரை மணி இருந்துவிட்டு வாருங்கள். வேறு ஏற்பாடு எதையும் அன்றைக்கு வைக்க வேண்டாம்.

பட்டியல் போட்டு மெதுவாக இருக்க முடியாது என்பதால், நான் இதற்கு மேல் எதையும் சொல்லப் போவதில்லை. ஒரேயொரு வேண்டுகோள், அதுவும் அம்மாவின் சார்பில்: பெட்டியில் பாதி உடுப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். மாரியில் ஒரு ஜீன்ஸ் காய்வதற்கு நான்கு நாளாகும், அதுவும் விறாந்தையில் கட்டிய கொடியில் மற்றவர்களின் தலையில் இடித்துக்கொண்டு. வெளிச்ச நாளில் தோய்க்கிற வேலையைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.