ஒலம்பியாத் கோபுரத்தில் அறை எடுக்கலாமா?

தம்பி, பாரிஸ் 13ஆம் வட்டாரத்தில் ஒலம்பியாத் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் கோபுரம் ஒன்றில் அறை கிடைத்திருக்கிறது, படத்தில் வெறும் கான்கிரீட்டாகத் தெரிகிறது, தோல்பியாக் கல்லூரிக்குப் பக்கம் என்பதற்காக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். பல வருடமாக இந்தப் பக்கத்தில் குடியிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், படத்தை வைத்து இந்த இடத்தை எடை போடாதீர்கள்.

ஆனால் அமைப்பைத் தெரிந்துகொண்டு வாருங்கள். மிஷேல் ஓலே என்ற கட்டடக் கலைஞர் வகுத்த திட்டம் இது, பெரும்பகுதி 1970களில் எழுந்தது. வண்டிகள் கீழே, மனிதர்கள் மேலே என்பது அவர் கணக்கு. அதனால் தெருவுக்கு மேலே உயரத்தில் பரந்த ஒரு மேடை. அதன்மேல் 100 மீட்டரைத் தாண்டும் கோபுரங்கள், கடைகள், உணவகங்கள், பிள்ளைகள் ஓடி விளையாட இடம். சாலைகளும் கார் நிறுத்தமும் மேடைக்கு அடியில். சப்போரோ, மெக்சிகோ, ஹெல்சிங்கி என்று ஒலிம்பிக் ஊர்களின் பெயர்தான் கோபுரங்களுக்கு.

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் திண்டாடுவார்கள். முகவரியில் ‘ரூ து ஜாவ்லோ’ என்று இருந்தால், அது மேடைக்கு அடியில் ஓடுகிற சாலை. போன் காட்டும் வழியில் வந்தால், லாரிகள் சரக்கு இறக்கும் இருட்டில் பெட்டியோடு நிற்பீர்கள். தோல்பியாக் தெருப் பக்கமாக மேடைக்கு ஏறி, கோபுரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நகரும் படிக்கட்டு அடிக்கடி நின்றுவிடும், அதனால் முதல் நாள் உங்களோடு ஒரு ஆள் இருந்தால் நல்லது.

வசதியான இளம் பிரெஞ்சுக் குடும்பங்களை மனதில் வைத்துக் கட்டினார்கள். அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள்தான் காலி வீடுகளில் குடியேறினார்கள். மேடைக் கடைகளின் வளைந்த கூரையைப் பார்த்தால் அவர்களுக்காகவே போட்டது போலத் தோன்றும், ஆனால் அவர்கள் வருமுன்பே இருந்த கூரை அது. கீழே, ‘ரூ து டிஸ்க்’ சாலையில், கார் நிறுத்தத்தை ஒட்டியே ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. ஊதுபத்தி வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இப்படி மேடை போட்டுக் கட்டிய இடங்கள் பல ஊர்களில் வெறிச்சோடிப் போயின. இங்கே உயிர் இருப்பதற்குக் காரணம் அந்த மக்கள் போட்ட கடைகளும் அடுப்புகளும்தான், இதை நான் யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

நமக்கும் அதனால் சௌகரியம். இவ்ரி அவென்யூவில் தாங் ஃப்ரேர் கடை இருக்கிறது. பச்சை மிளகாய், கொத்தமல்லி, தேங்காய்ப்பால், மூட்டை அரிசி எல்லாம் நடக்கிற தூரத்தில். இட்லி அரிசி, உளுந்துக்கு மட்டும் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பேல் பக்கம் போய்விடுங்கள். 14ஆம் எண் மெட்ரோவில் ஷாத்லே நிலையம், அங்கே வண்டி மாறி ‘கார் து நோர்’ ரயில் நிலையம், அப்புறம் கொஞ்சம் நடை. அந்த 14ஆம் எண் மெட்ரோ 2007இல்தான் இங்கே வந்தது. 2024 முதல் ஓர்லி விமான நிலையத்துக்கும் அதே வண்டி.

குறை என்றால் காற்று. கோபுரங்களின் அடியில் சுழற்றி அடிக்கும், குடை தாங்காது, தலையை மூடும் கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவு நேரம் கழித்து வந்தால் அடிச்சாலை வேண்டாம், மேடை வழியே வாருங்கள். கையெழுத்துப் போடுமுன், மாதம் கட்டும் பொதுச் செலவில் வீட்டைச் சூடாக்கும் கட்டணமும் வெந்நீரும் சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் காப்பீடு வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கட்டாயம், சாவி வாங்கும் நாளில் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.